அப்பா இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறாரா?

மனநல மருத்துவரிடம் ஒரு வாசகியின் கேள்வி

வாசகிக்கு 38 வயது. எட்டு மாதங்களுக்கு முன் அவருடைய அப்பா மருத்துவமனையில் காலமானார். கடைசி மூன்று வாரமும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் இவர்தான். குளித்து உடை மாற்றி வரலாம் என்று ஒரே ஓர் இரவு வீட்டுக்குப் போனார். அந்த இரவில் அப்பாவின் உயிர் பிரிந்துவிட்டது. முந்தின நாள் அவர் தண்ணீர் கேட்டிருக்கிறார். புரை ஏறிவிடும் என்று செவிலியர் கொடுக்க விடவில்லை.

இப்போது அப்பா வாழ்ந்த அதே வீட்டில் கணவருடனும் பத்து வயது மகனுடனும் இருக்கிறார். கூடத்தில் அப்பாவின் கைத்தடி சத்தம் கேட்கிறது. அவர் மூட்டுவலிக்குத் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை திடீரென்று வருகிறது. ஒருநாள் சாயங்காலம், விளக்குப் போடுவதற்கு முன், அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். இது தவிர, மாதத்தில் இரண்டு மூன்று முறை விடியற்காலையில் விழிப்பு வருகிறது; கை கால் அசைவதில்லை, நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் மூச்சு முட்டுகிறது, கதவருகே கருப்பாக ஓர் உருவம் நிற்கிறது.

கணவர் சிரிக்கிறார். அப்பாவின் ஆன்மா அலைகிறது என்கிறார் அண்ணன். உயிர் பிரியும்போது உடல் எடை 21 கிராம் குறைவதை அறிவியலே நிரூபித்துவிட்டது என்று ஒரு வீடியோவையும் அனுப்பியிருக்கிறார். தெரிந்தவர் ஒருவர், ஆவிகளோடு பேசுகிறவரிடம் வாசகியை அழைத்துப் போயிருக்கிறார். “உங்கள் அப்பா தாகத்தோடு போயிருக்கிறார். மகள்மேல் வருத்தம் இருக்கிறது” என்று அவர் சொன்னதும் இவர் ஆடிப்போய்விட்டார். ஆவியை அனுப்பிவைக்கும் சடங்குக்கு மூன்று தவணையாகப் பெரிய தொகை கேட்டிருக்கிறார். அது முடியும்வரை எந்த மாத்திரையும் சாப்பிடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். முதல் தவணை கொடுத்தாகிவிட்டது. தைராய்டு மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது.

“பேய், ஆவி எல்லாம் உண்மையிலேயே இருக்கிறதா? எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? மீதிப் பணத்தைக் கொடுக்கட்டுமா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நடுவில் கேட்ட கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. நேரில் பார்க்காமல் யாருக்கும் நோய் இருக்கிறது, இல்லை என்று முடிவாகச் சொல்லக் கூடாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதில் மனச்சிதைவு போன்ற கடுமையான நோயின் சாயல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறீர்கள். “இது நிஜமா?” என்று உங்களையே கேட்டுக்கொள்கிறீர்கள். வேலைக்குப் போகிறீர்கள், பிள்ளையைக் கவனிக்கிறீர்கள். அந்தச் சந்தேகமும் இந்தச் செயல்பாடும் இருப்பது நல்ல அறிகுறி.

நீங்கள் பொய் சொல்வதாகவும் நான் நினைக்கவில்லை. சத்தம் கேட்டது, வாசனை வந்தது, நாற்காலியில் அப்பாவைப் பார்த்தீர்கள். அந்த அனுபவம் உங்களுக்கு நேர்ந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது எங்கிருந்து வந்தது என்பது மட்டும்தான் நாம் பேச வேண்டியது. கணவர் சிரிப்பதில் உள்ள தவறும் இதுதான். விளக்கத்தை ஏற்காமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் அனுபவத்தையே இல்லை என்கிறார். அதனால்தான் நீங்கள் நம்புகிற ஒருவரைத் தேடி வெளியே போக வேண்டியிருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் எல்லாவற்றையும் ‘அப்பாவின் ஆவி’ என்ற ஒரே தலைப்பில் போட்டுவிட்டீர்கள். கடிதத்தில் இருப்பவை இரண்டு வெவ்வேறு விஷயங்கள். பகலிலும் மாலையிலும் வருவது ஒன்று, விடியற்காலையில் வருவது வேறொன்று. காரணமும் வேறு, செய்ய வேண்டியதும் வேறு.

கைத்தடி சத்தமும் தைல வாசனையும்

1971-ல் டெவி ரீஸ் என்ற குடும்ப மருத்துவர் ஓர் ஆய்வை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். வேல்ஸில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரை அவர் சந்தித்துப் பேசியிருந்தார். கிட்டத்தட்ட பாதிப் பேர், இறந்தவர் தம் அருகில் இருப்பதாக உணர்ந்ததாகவோ, அவரைப் பார்த்ததாகவோ, அவர் குரலைக் கேட்டதாகவோ சொன்னார்கள். கண்ணால் பார்த்தவர்கள் மட்டும் 100-க்கு 14 பேர். இவர்கள் மனநோயாளிகள் அல்லர், சாதாரண மனிதர்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இன்னொன்று: முக்கால்வாசிப் பேர் அதுவரை இதை யாரிடமும் வாய் திறந்து சொல்லியிருக்கவில்லை. பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற தயக்கம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல. இன்னும் ஒன்று, அந்த அனுபவம் தங்களுக்கு ஆறுதலாக இருந்தது என்றவர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். பெற்றோரையோ பிள்ளையையோ இழந்தவர்களிடமும் இதையேதான் கேட்கிறோம்.

மூளை கண்ணும் காதும் தருவதை அப்படியே படம் பிடிப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே ஊகித்துக்கொண்டே இருக்கிறது. வருகிற அரைகுறைச் செய்தியை அந்த ஊகத்தோடு பொருத்திப் பார்க்கிறது. பையில் கைபேசி அதிர்ந்ததுபோல் இருக்கும், எடுத்துப் பார்த்தால் அழைப்பே வந்திருக்காது அல்லவா, அதேதான். பல வருடங்கள் அந்தக் கூடத்தில் கைத்தடி சத்தம் கேட்டுப் பழகிய காது உங்களுடையது. கடைசி மூன்று வாரம் அவருடைய ஒவ்வொரு அசைவுக்கும் எழுந்து பழகியிருக்கிறீர்கள். ஆள் போய்விட்டார் என்பது மனதுக்குத் தெரிந்தாலும் அந்தக் கவனிப்பு உடனே அடங்காது. ஜன்னல் கதவு மோதும் சத்தம் போதும், அது கைத்தடியாகக் கேட்க. வெளிச்சம் மங்கிய நேரத்தில் நாற்காலியின்மேல் கிடக்கும் துணி ஓர் ஆளாகத் தெரிவதும் இப்படித்தான்.

வெறும் ‘பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள்’ என்ற உணர்வை மூளையின் ஓரிடத்தைத் தூண்டியே உண்டாக்க முடிந்திருக்கிறது. 2006-ல் சுவிட்சர்லாந்தில் ஓலாஃப் பிளாங்கேயும் சக மருத்துவர்களும் வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சைக்கு முன், ஓர் இளம்பெண்ணின் மூளையில் இடது பொட்டு மடலும் பக்கவாட்டு மடலும் சேரும் பகுதியில் மெல்லிய மின்சாரம் செலுத்தினார்கள். தனக்குப் பின்னால் நிழல்போல ஒருவர் இருப்பதாக அவர் சொன்னார். அவர் படுத்தால் அதுவும் படுத்தது, உட்கார்ந்தால் அதுவும் உட்கார்ந்தது. நம் உடல் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளும் இடம் அது. அந்தக் கணக்கு குழம்பினால் நம்மையே நாம் இன்னொருவராக உணர்கிறோம்.

இதற்கெல்லாம் சிகிச்சை வேண்டுமா? உங்களைப் பயமுறுத்தாதவரை வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஆவிகளோடு பேசுகிறவரிடம் போவதற்கு முன்னால் நடந்ததை எழுதும்போது “அப்பா வாசனை வந்ததும் அழுகை வந்தது, ஆனால் நன்றாக இருந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். போய்விட்டு வந்த பிறகுதான் ‘பயம்’ என்ற சொல் வருகிறது. வாசனை மாறவில்லை. அதற்கு அவர் கொடுத்த அர்த்தம்தான் உங்களைப் பயமுறுத்துகிறது.

விடியற்காலையில் நெஞ்சில் ஏறும் பாரம்

இதைப் பலர் அமுக்குவான் பேய் என்று சொல்வார்கள். மருத்துவத்தில் உறக்க முடக்கம் என்கிறோம். நூற்றுக்கு எட்டுப் பேராவது வாழ்நாளில் ஒருமுறை இதை அனுபவிக்கிறார்கள். தூக்கம் கெடும் மாணவர்களிடம் இன்னும் அதிகம். ஜப்பானில் இதற்கு கனாஷிபாரி என்று பெயர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு கிழவி வந்து நெஞ்சில் உட்காருவதாகச் சொல்வார்கள். பெயர்களும் கதைகளும் மாறுகின்றன. அசைய முடியாமை, நெஞ்சில் பாரம், அறையில் அந்நியர் ஒருவர் என்ற இந்த மூன்றும் எங்கும் அப்படியே இருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே மாதிரி உடல் இருப்பதால்தான் அது.

கனவு காணும் கட்டத்தில், அதாவது ரெம் உறக்கத்தில், கனவில் ஓடும்போது நிஜமாகவே எழுந்து ஓடிவிடாதபடி மூளை கை கால் தசைகளை முடக்கி வைக்கிறது. விடியற்காலையில் இந்தக் கட்டம் நீளமாக வரும். சில சமயம் விழிப்பு முந்திக்கொள்ளும், முடக்கம் விலகத் தாமதமாகும். கண் திறந்திருக்கிறது, அறை தெரிகிறது, கனவும் முழுதாக ஓயவில்லை. மூச்சு நிற்பதில்லை. உதரவிதானம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் மார்புத் தசைகள் தளர்ந்திருப்பதால் நீங்களாக ஆழமாக இழுக்க முயன்றால் முடியாது; அதுதான் பாரமாகத் தோன்றுகிறது. ஆபத்தை உணரும் மூளைப்பகுதி முழு விழிப்பில் இருக்கும். அது காரணத்தைத் தேடும்போது கதவருகே ஓர் உருவத்தை வைத்துவிடுகிறது. அந்த உருவம் அப்பா மாதிரி இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது அப்பாவோடு சம்பந்தப்பட்டதே அல்ல.

சில நொடிகளில், அதிகம் போனால் ஓரிரு நிமிடங்களில், தானாக விலகிவிடும். இதனால் உயிருக்கு ஆபத்தில்லை. வரும்போது எழுந்து உட்காரப் போராடாதீர்கள். கால் கட்டைவிரலையோ ஒரு விரல் நுனியையோ அசைக்க மட்டும் முயலுங்கள், மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ‘இது அதுதான், போய்விடும்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். மல்லாந்து படுப்பவர்களுக்கு இது அதிகம் வரும் என்பதால் ஒருக்களித்துப் படுங்கள். எட்டு மாதமாக நீங்கள் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்தான் தூங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விஷயத்தில் பெரிய காரணம் அதுதான் என்பேன். பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ, சிரிக்கும்போது முழங்கால் மடங்கிப்போவதுபோல் இருந்தாலோ நார்கோலெப்சி என்ற உறக்க நோயா என்று பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். காலையில் உங்களோடு மகனுக்கோ கணவருக்கோ தலைவலி, குமட்டல் இருக்கிறதா? 1921-ல் ஓர் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் ஒரு குடும்பத்தின் கதை வந்தது. காலடிச் சத்தம், அறையில் உருவங்கள், எல்லோருக்கும் தலைவலி, செடிகள்கூட வாடின. வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, கார்பன் மோனாக்சைடு வாயு அறைகளுக்குள் வந்துகொண்டிருந்தது. உலையைச் சரிசெய்ததும் ‘பேய்’ போய்விட்டது. மூடிய அறையில் எரிவாயு ஹீட்டரோ கரி அடுப்போ ஜெனரேட்டரோ ஓடினால் உடனே பாருங்கள். இதற்கு வாசனை கிடையாது, உயிரையும் எடுக்கும்.

சரி, பேய் இருக்கிறதா இல்லையா?

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இல்லை என்பதுதான் என் முடிவு. எதனால் அந்த முடிவுக்கு வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அறிவியல் இதைக் கண்டுகொள்ளவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1882-லேயே லண்டனில் இதற்கென்று ஒரு ஆராய்ச்சிக் கழகம் தொடங்கினார்கள். கேம்பிரிட்ஜ் தத்துவப் பேராசிரியர் ஹென்றி சிட்ஜ்விக் அதன் முதல் தலைவர். அவர்களில் பலர் மறுமை உண்டு என்று நிரூபிக்க மனதார ஆசைப்பட்டவர்கள். 17,000 பேரிடம் கேட்டு 1894-ல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார்கள். முழு விழிப்பில் இருக்கும்போது இல்லாத ஒருவரைப் பார்த்ததாகவோ குரல் கேட்டதாகவோ ஏறக்குறைய பத்தில் ஒருவர் சொன்னார். ஆக, அனுபவங்கள் ஏராளம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, கட்டுப்பாடான சோதனையில் திரும்பத் திரும்பக் காட்டக்கூடிய ஓர் ஆவி நிகழ்வுகூட வரவில்லை. ஜேம்ஸ் ராண்டி என்ற மாயவித்தைக்காரர் 1964-ல் ஒரு சவால் விட்டார். பரிசுத்தொகை பின்னால் பத்து லட்சம் டாலர் வரை உயர்ந்தது. இருதரப்பும் ஒப்புக்கொண்ட நிபந்தனையில் அமானுஷ்ய சக்தியை நிரூபித்தால் போதும். 2015-ல் அது நிறுத்தப்படும்வரை ஒருவரும் வெல்லவில்லை.

ஆவிகளோடு பேசும் வழக்கம் மேற்கில் பெரிதாகப் பரவியதே 1848-ல் நியூயார்க் மாநிலத்தில் ஃபாக்ஸ் சகோதரிகள் வீட்டில் கேட்ட ‘தட்டல்’ சத்தத்திலிருந்துதான். 1888-ல் அவர்களில் ஒருவரான மார்கரெட் மேடை ஏறி, கால் விரல் மூட்டைச் சொடுக்கித்தான் அந்தச் சத்தத்தை உண்டாக்கினோம் என்று செய்தே காட்டினார். மறு வருடமே அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மேடையில் கேட்ட சத்தத்தைத் திரும்பப் பெற முடியாது.

21 கிராம் விஷயம். டங்கன் மெக்டூகல் என்ற அமெரிக்க மருத்துவர் இறக்கும் தறுவாயில் இருந்த ஆறு பேரைக் கட்டிலோடு தராசில் வைத்துப் பார்த்து, 1907-ல் முடிவுகளை வெளியிட்டார். ஒருவரிடம் மட்டும் உயிர் போன கணத்தில் முக்கால் அவுன்ஸ், அதாவது 21 கிராம், குறைந்ததாகப் பதிவு செய்தார். இரண்டு பேருடைய அளவுகள் பயன்படாது என்று அவரே விட்டுவிட்டார். மற்றவர்களிடம் கணக்கு ஒத்துவரவில்லை. மரணம் சரியாக எந்த நொடியில் நடந்தது என்று சொல்லும் கருவியும் அன்று இல்லை. ஒரே ஒரு மனிதரிடம் ஒரே ஒருமுறை எடுத்த அளவை நிரூபணம் என்று சொல்ல மாட்டார்கள். அண்ணனிடம் சண்டைக்குப் போகாமல் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

மூளையைத் தூண்டினால் ஆள் இருப்பதுபோலத் தோன்றுகிறது என்பதாலேயே ஆள் இல்லை என்று ஆகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பார்வைப் பகுதியைத் தூண்டினால் வெளிச்சம் தெரியும். அதனால் வெளிச்சமே பொய் என்று ஆகாது. ஆனால் வெளிச்சத்தை அளக்க மூளைக்கு வெளியே ஆயிரம் வழி இருக்கிறது. ஆவிக்கு அப்படி ஒரு வழியும் இதுவரை கிடைக்கவில்லை, தேடியவர்கள் நேர்மையாகத் தேடியும். அதனால்தான் எனக்கு இந்த முடிவு.

உயிர் எங்கே போகிறது, மறுமை உண்டா என்பது வேறு கேள்வி. அது உங்கள் நம்பிக்கை. அதில் கைவைக்க எனக்கு உரிமையில்லை, கைவைக்கவும் மாட்டேன். குடும்பமாகச் சேர்ந்து, உங்கள் வழக்கப்படி அப்பாவை நினைத்து வணங்க அண்ணன் விரும்பினால் தாராளமாகச் செய்யுங்கள். துக்கத்துக்கு அது நல்ல மருந்து. ஆனால் ‘உன் அப்பா உன் கூடத்தில் நிற்கிறார், மூன்று தவணை கட்டினால் போவார்’ என்பதை மறுமையைப் பற்றிய நம்பிக்கை என்று சொல்ல முடியாது. அது ஒரு விற்பனை.

‘தாகத்தோடு போனார்’ என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். “நான் யாரிடமும் சொல்லாத விஷயம் அது, டாக்டர்” என்று எழுதியிருக்கிறீர்கள்.

மருத்துவமனையில் சில வாரம் படுத்திருந்து இறந்த யாரைப் பற்றியும் இதைச் சொல்லலாம், பெரும்பாலும் பொருந்தும். இறுதி நாட்களில் வாய் வறட்சி ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். விழுங்கும் திறன் குறைந்துவிடுவதால் வாய்வழி தண்ணீர் கொடுப்பதை நிறுத்துவதும் வழக்கம். ஏறக்குறைய ஒவ்வொரு மகளும் மகனும் ‘கேட்டும் கொடுக்கவில்லையே’ என்ற ஒரு கணத்தைச் சுமந்துகொண்டுதான் வெளியே வருகிறார்கள். ‘மகள்மேல் வருத்தம்’ என்பதும் அப்படித்தான். அப்பாவுக்காக அங்கே அழுதுகொண்டு வந்து உட்காரும் மகளிடம் குற்ற உணர்வு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மீதியை உங்கள் முகமே அவருக்குச் சொல்லியிருக்கும். அழைத்துப்போனவர் முன்கூட்டி என்ன சொன்னார் என்பதும் நமக்குத் தெரியாது. அவர் அன்று சொன்னவற்றில் பொருந்தாமல் போனவை என்னென்ன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவை நினைவில் நிற்பதில்லை.

1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்குத் தனித்தனியாக அவரவர் குணத்தைப் பற்றிய கணிப்பைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள். படித்த, ஆரோக்கியமான இளைஞர்கள் அவர்கள். துக்கத்தில் இருக்கும் ஒருவர் நம்பியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஹூடினி கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். தாயை உயிருக்கு உயிராக நேசித்த அந்த மாயவித்தைக்காரர், 1913-ல் அவரை இழந்தார். ஒருமுறையாவது தாயின் குரலைக் கேட்க ஏங்கினார். 1922-ல் அவர் நண்பரின் மனைவி லேடி டாயில், அவருடைய தாயின் ஆவி எழுதுவதாகச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் இருந்தது, மேலே ஒரு சிலுவைக் குறியும் இருந்தது. ஹூடினியின் தாய்க்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது. அவர் ஒரு யூத மதகுருவின் மனைவி. லேடி டாயில் ஏமாற்ற நினைத்தார் என்று சொல்ல முடியாது, அவர் மனதார நம்பினார். ஆனாலும் அந்தக் கடிதத்தில் ஹூடினியின் தாய் இல்லை. உங்களிடம் பேசியவரின் சொற்களையும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். உங்கள் அப்பா பேசுகிற மாதிரி ஒரு சொல்லாவது இருந்ததா? உங்களை அவர் கூப்பிடும் பெயராவது வந்ததா?

இப்போது அந்தத் தண்ணீர். செவிலியர் தடுத்தது சரி. விழுங்க முடியாத நிலையில் கொடுக்கும் தண்ணீர் நுரையீரலுக்குள் போய் மூச்சுத் திணறலையும் நிமோனியாவையும் கொண்டுவரும். அந்த நேரத்துத் தாகம் பெரும்பாலும் வாய் உலர்வதால் வருவது. உதட்டையும் நாக்கையும் ஈரத்துணியால் நனைப்பதுதான் அதற்கு ஆறுதல். மூன்று வாரமும் ஈரப் பஞ்சால் அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஏதோ சின்ன விஷயம் மாதிரி. கொடுக்க வேண்டிய தண்ணீரைத்தான் நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள்.

கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லை என்பதும் அப்படியே. நாள்கணக்கில் உடன் இருந்தவர் சற்று வெளியே போன இடைவெளியில் உயிர் பிரிவதை இறுதிக்காலப் பராமரிப்பில் வேலை செய்கிறவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். ஏன் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அது கைவிட்டதன் தண்டனை என்று சொல்ல மட்டும் யாருக்கும் எந்த ஆதாரமும் இல்லை. இந்தக் குற்ற உணர்வைத்தான் அவர் ஆவியாக்கி உங்களிடமே விற்றிருக்கிறார். பேய் இருக்கிறதா என்ற கேள்வி நாளைக்கே தீர்ந்துவிட்டாலும் இது தீராது. இதற்கு ஒரு நல்ல மனநல ஆலோசகரோடு சில அமர்வுகள் பேச வேண்டும்.

மீதிப் பணமும் மாத்திரையும்

மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்ததைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ரசீதோ பணம் அனுப்பிய பதிவோ குறுஞ்செய்தியோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். ஆனால் தனியாகப் போய் வாதாட வேண்டாம். ‘சடங்கைப் பாதியில் விட்டால் பிள்ளைக்கு ஆகாது’ என்று மிரட்டல் வரலாம். வந்தால் அதையும் பதிந்துவைத்துக்கொண்டு, கணவரோடு போய்க் காவல்துறையிடமோ வழக்கறிஞரிடமோ பேசுங்கள். இரவு தங்கச் சொல்வது, பட்டினி போடுவது, அடிப்பது, தனி அறைக்குக் கூப்பிடுவது என்று எது வந்தாலும் அங்கே ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். வீட்டை விற்றுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். தூக்கமில்லாத எட்டு மாதத்துக்குப் பிறகு எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது. உறக்க முடக்கமும் நினைவும் புது வீட்டுக்கும் கூடவே வரும்.

மகன் இரவில் பயந்தால் அவனிடம் ‘பேயெல்லாம் இல்லை, போய்த் தூங்கு’ என்று முடித்துவிடாதீர்கள். ‘தாத்தா பார்த்துக்கொண்டே இருக்கிறார்’ என்றும் சொல்ல வேண்டாம், ஆறுதல் என்று நினைத்துச் சொன்னாலும் அது இரவில் வேறு மாதிரி கேட்கும். பத்து வயதில் மரணம் திரும்ப வராதது என்பது பிள்ளைகளுக்குப் புரியும். தாத்தாவின் உடல் நின்றுவிட்டது, அவருக்கு இப்போது வலியில்லை, அம்மாவுக்குத் தாத்தா நினைவு அதிகமாக வருவதால் சில நேரம் சத்தம் கேட்டதுபோல் இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள். இரவு விளக்கு ஒன்று எரியட்டும், கழிவறைக்குத் துணைக்குப் போங்கள். ஆவியைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவது அவன் காதில் விழாமல் இருப்பது எல்லாவற்றையும்விட உதவும். இந்தப் பதிலைக் கணவரிடம் படிக்கக் கொடுங்கள். நீங்கள் சொல்வதை அவர் நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சத்தம் கேட்கிற இரவில் எழுந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

தைராய்டு மாத்திரையை நிறுத்தியது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. நிறுத்திச் சில வாரங்களில் சோர்வும் மனத்தளர்ச்சியும் மந்தமும் மெதுவாக ஏறும். அதையும் ஆவியின் வேலை என்று சொல்லிவிடுவார்கள். நாளைக்கே உங்கள் மருத்துவரை அழைத்து, மூன்று வாரம் விட்டுப்போனதைச் சொல்லித் தொடங்குங்கள். பெரும்பாலும் பழைய அளவிலேயே தொடரச் சொல்வார்; இதயக் கோளாறு இருந்தால் மாற்றலாம். ரத்தப் பரிசோதனையை எப்போது செய்வது என்றும் கேளுங்கள்.

அப்புறம், மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ ஒருமுறை நேரில் பாருங்கள். இழப்புக்குப் பின் ஏக்கமும் வலியும் அன்றாட வாழ்க்கையை நடத்தவிடாமல் நீடித்தால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறோம். உலக சுகாதார அமைப்பின் வகைப்பாடு அதற்கு ஆறு மாதம் என்று எல்லை வைக்கிறது, அமெரிக்க வகைப்பாடு ஒரு வருடம். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். உங்களுக்கு அது இருக்கிறதா என்று பேசிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இருந்தால் அதற்கென்றே பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது. அங்கே சொல்வது வெளியே போகாது. போகும்போது சத்தம், வாசனை, நாற்காலி, விடியற்காலை என்று எல்லாவற்றையும் தேதி, நேரத்தோடு எழுதி எடுத்துப் போங்கள்.

சில விஷயங்கள் வந்தால் மட்டும் நாள் பார்க்காமல் அன்றைக்கே போங்கள். குரல் உங்களைத் திட்டினாலோ, எதையாவது செய்யச் சொன்னாலோ, நாள் முழுக்க நிற்காமல் கேட்டாலோ, யாரோ உங்களுக்குக் கெடுதல் செய்கிறார்கள் என்று உறுதியாகத் தோன்றினாலோ, அப்பாவிடமே போய்விடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலோ காத்திருக்காதீர்கள். அந்த எண்ணம் வரும் நேரத்தில் தனியாக இருக்காமல், பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள், நள்ளிரவாக இருந்தாலும்.